உறையூர்த் துணியும் கிரேக்கச் சொல்லும்

ஒரு சொல்லின் பொருளை அகராதி காட்டும். அதனை உறுதி செய்வது அச்சொல் வழங்கிய இடமே. இதற்குச் 'சிந்தோன்' என்னும் பழங் கிரேக்கச் சொல் தக்க சான்றாகும்.

ஆளிச் செடியையும் அதன் நாரையும் கிரேக்கர் 'லினோன்' என்றனர். இன்றைய 'லினன்' என்னும் ஆங்கிலச் சொல் அதனோடு உறவுடையது. அந்நாரால் நெய்த மெல்லிய துணிக்குச் 'சிந்தோன்' என்னும் பெயர் வழங்கியது. எகிப்தியர் பதப்படுத்திய பிணங்களைச் சுற்றிய துணியைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான எரோடோட்டசு இச்சொல்லாலேயே குறித்தார். அத்தகைய துணிகள் ஆளிநாரால் ஆனவை என்பதை ஆய்வு உறுதிப்படுத்தியுள்ளது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளுசு' என்னும் கிரேக்க நூலோ, தமிழகத்து அர்கருவிலிருந்து சென்ற துணிகளையும் 'சிந்தோன்' என்றே கூறுகிறது. அர்கரு என்பது சோழர் தலைநகராகிய உறையூரே என்பர் ஆய்வாளர். எனின், உறையூரார் ஆளிநாரையா நெய்தனர்? அன்று. தமிழகத்தின் புகழ்பெற்ற நெசவு பருத்தி நெசவே. செங்கடற்கரைப் பெரனிகே துறைமுக அகழாய்வில் கிடைத்த பருத்தித் துணிகள் பலவற்றின் நூல், எகிப்திய முறைக்கு மாறாக, இந்திய முறைப்படி முறுக்கப்பட்டிருந்தமையும் ஈண்டுக் கருதத்தக்கது.

பருத்திக்குக் கிரேக்கரிடம் தொடக்கத்தில் தனிப்பெயர் இல்லை. இந்தியாவில் மரம் கம்பளி தருகிறது என்றே எரோடோட்டசு எழுதினார். பின்வந்த வணிகர், தாம் அறிந்த மெல்லிய துணியின் பெயரையே தமிழகத்துத் துணிக்கும் சூட்டினர். அவர்கள் நோக்கியது நாரை அன்று, நயத்தையே. அந்நயம் எத்தகையது என்பதைப் பொருநராற்றுப்படை உணர்த்துகிறது. இழை கண்ணுக்குப் புலனாகாத, பாம்புரி போன்ற ஆடையைக் கரிகாலன் பொருநனுக்கு அளித்தான் என்கிறது அந்நூல்.

அவ்வாடையை அது 'அறுவை' என்கிறது. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி. இவையும் நாரின் பெயர்கள் அல்ல. தெலுக் இந்தான் கடைகளில் பருத்தியும் பட்டும் செயற்கையிழையும் இன்று 'துணி' என்னும் ஒரே பெயரால் விற்கப்படுவதைக் காண்போர், கிரேக்க வணிகரின் வழக்கை எளிதில் உணர்வர்.

ஒலியொப்புமை கொண்டு, 'சிந்தோன்' சிந்துவிலிருந்து பிறந்தது என முடிவு கட்டுதலும் பொருந்தாது; அதற்குச் செமித்திய மூலம் கூறுவாரும் உளர்.

பெரிப்ளுசை மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் 'ஆளித்துணி' என எழுதின், பிழை ஒரு சொல்லோடு நில்லாது. காவிரிக்கரை நெசவாளரின் கைத்திறன் வேறொரு செடியின் கணக்கில் சேர்ந்துவிடும்.