தொகுப்பி

தொகுப்பி (பெ.): மனிதர் எழுதும் நிரலைச் செயலி இயக்கக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள், கம்பைலர்.

'தொகு' என்னும் வினையடியிலிருந்து அமைந்த சொல். தொகை, தொகுதி, தொகுப்பு ஆகியவையும் இதே அடியில் பிறந்தவை. ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் 'கம்பிலாரே'. அதன் பழைய பொருள் கொள்ளையிடுதல். பின்னர், பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தல் என்றானது. 1952இல் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்னும் மென்பொருள், காந்த நாடாவில் இருந்த துணைநிரல்களை எடுத்துக் கோத்தது. அதனால் இந்தப் பெயர் அதற்கு நன்கு பொருந்தியது.

உகப்பாக்கத் தொகுப்பி: பொருள் மாறாமல் நிரலை வேகமாக ஓடும்படி திருத்தியும் தருவது. 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் தொகுப்பி இதற்கு முன்னோடி. பல செயலிகள் கொண்ட சர்வரில் இதன் பங்கு பெரிது. அடிக்கடி தேவைப்படும் மதிப்புகளைச் செயலியின் பதிவகத்திலேயே இருத்தி, எல்லாச் செயலிகளும் பகிரும் நினைவகத்தில் நெரிசலைக் குறைக்கும். ஒன்றையொன்று சாராத கணக்குகளைக் கண்டறிந்து, அவை ஒரே நேரத்தில் நடக்க வழிசெய்யும்.

நிரலை உகப்பாக்குதல், கணக்குகளை ஒரே நேரத்தில் நடத்துதல் ஆகிய இரு துறைகளுக்கும் அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஃபிரான்சஸ் ஆலன் 2006ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. வன்பொருளை மாற்றாமலே சர்வரின் திறனைக் கூட்டும் இக்கலை, கணினி கற்கும் ஒவ்வொருவரும் ஊன்றிப் படிக்க வேண்டியது.