குஞ்சு பொரிச்சாச்சு... இன்குபேட்டரை எப்போ திறக்கலாம்? புரூடருக்கு மாத்தும்போது கவனிக்க வேண்டியவை!

21-ம் நாள். ஹால் மூலையில வெச்ச தெர்மாகோல் இன்குபேட்டருக்குள்ள இருந்து 'கீச் கீச்' சத்தம். வீட்டுல இருக்கிற எல்லாரும் போனைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. முதல் குஞ்சு ஓட்டை உடைச்சு வெளியே வந்து, நனைஞ்ச பஞ்சு மாதிரி சுருண்டு கிடக்கும். 'ஐயோ பாவம், பசிக்குமே'னு மூடியைத் திறக்கத்தான் கை பரபரக்கும்.

திறக்காதீங்க. அந்தக் குஞ்சுக்கு இப்போ பசியே இல்லை.

முட்டையைவிட்டு வெளியே வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மிச்சமிருக்கிற மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயித்துக்குள்ள இழுத்துக்கும். அதை வெச்சே ரெண்டு நாள் வரைக்கும் சாப்பாடு, தண்ணி இல்லாம தாக்குப்பிடிக்கும். பண்ணைகள்ல இருந்து ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில அடைச்சு ஊர் ஊரா அனுப்ப முடியுதுன்னா, அது இதனாலதான். தாய்க்கோழியும் முதல் குஞ்சு பொரிஞ்சதும் எழுந்து ஓடிடாது; மத்த முட்டைகளும் பொரியட்டும்னு அடையிலயே உட்கார்ந்திருக்கும்.

அவசரப்பட்டுத் திறந்தா பாதிப்பு மத்த முட்டைகளுக்குத்தான். கடைசி மூணு நாள் உள்ளே ஈரப்பதம் 65-70% இருக்கணும். மூடியைத் திறந்த நொடியில அது சர்ருனு இறங்கும். பாதி ஓட்டை உடைச்சிருக்கிற குஞ்சு மேல உள்சவ்வு காய்ஞ்சு ஒட்டிக்கும். அதுக்கப்புறம் அதால திரும்பவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஓட்டுல முதல் விரிசல் விழுந்து முழுசா வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். 'உதவி செய்றேன்'னு ஓட்டை உரிச்சா, உள்ளே இழுக்கப்படாத மஞ்சள் கருவும் ரத்தக்குழாயும் அறுந்து போற ஆபத்து இருக்கு.

அப்போ எப்போதான் எடுக்கிறது? உடம்பு முழுக்க ஈரம் காய்ஞ்சு, ரோமம் புசுபுசுன்னு ஆகி, குஞ்சு தானா எழுந்து நடக்கும்போது. பொரிச்சதுல இருந்து சுமார் 12 - 24 மணி நேரம்னு வெச்சுக்கலாம். காய்ஞ்ச குஞ்சுகளை ஒண்ணொண்ணா எடுக்காம, ஒரே தடவையில மொத்தமா எடுத்துட்டு சட்டுனு மூடிடுங்க. துண்டு விரிச்ச அட்டைப்பெட்டியில வெச்சுத் தூக்கிட்டுப் போகலாம். ஃபேனுக்குக் கீழேயோ, ஏ.சி ரூம் வழியாவோ வேண்டாம்.

புரூடர் முதல்லயே ரெடியா இருக்கணும்

குஞ்சு வந்த பிறகு பல்பு தேடி ஓடுறதுதான் நிறைய வீட்டுல நடக்குது. புரூடரை ஒருநாள் முன்னாடியே ஓட விட்டுப் பார்த்துடுங்க. பெரிய செலவெல்லாம் இல்லை. ஒன்றரை அடி உயரத்துக்கு அட்டையையோ தகரத்தையோ வட்டமா வளைச்சுக் கட்டினா போதும். வட்டம் எதுக்குன்னா, மூலை இருந்தா குளிர்ல எல்லாம் அங்கே போய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அடியில இருக்கிறது மூச்சுமுட்டிச் செத்துடும்.

கீழே ரெண்டு இன்ச் உமி. அது மேல பேப்பர் விரிக்கலாம். இல்லைன்னா தீவனத்துக்குப் பதிலா உமியையே கொத்தித் தின்னும். வழவழப்பான பேப்பர் மட்டும் வேண்டாம். கால் வழுக்கி, ரெண்டு பக்கமும் விரிஞ்சு, அப்படியே ஊனமாகிடும். நெளிநெளியா இருக்கிற அட்டை நல்லது.

இப்போ பல்பு விஷயம். ஒரு குஞ்சுக்கு 2 வாட்னு ஒரு கணக்கு உண்டு. 20 குஞ்சுக்கு 40 வாட். ஆனா இது பழைய குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. '9 வாட் எல்.இ.டி எரியுதே'னு நிம்மதியா தூங்கினா, காலையில குஞ்சுகள் விறைச்சுக் கிடக்கும். குண்டு பல்பு கிடைக்கலைன்னா இன்ஃப்ராரெட் பல்பு வாங்குங்க. எதுவா இருந்தாலும் ஒயரை மட்டும் நம்பாம கம்பியில கட்டித் தொங்கவிடணும். அறுந்து உமியில விழுந்தா தீ பிடிக்கும்.

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைக்கணும். தெர்மாமீட்டரைக் குஞ்சோட முதுகு உயரத்துல வெச்சுப் பாருங்க. சித்திரை வெயில்ல நம்ம வீட்டுக்குள்ளயே பகல்ல 35 தொட்டுடும். அப்போ ராத்திரிக்கு மட்டும் பல்பு போதும். தெர்மாமீட்டரைவிட குஞ்சுகளே தெளிவாச் சொல்லும். பல்புக்குக் கீழே கூட்டமா நெருக்கிட்டுக் கத்துதா? குளிருது. ஓரத்துக்கு ஓடி, வாயைத் திறந்து இறக்கையை விரிக்குதா? சூடு அதிகம், பல்பை மேலே தூக்குங்க. ஒரே பக்கமா ஒதுங்குதா? எதிர்ப்பக்கத்துல இருந்து காத்து அடிக்குது. பரவலா படுத்திருந்தா எல்லாம் சரி.

கரன்ட் போனா? வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி நடுவுல வைங்க. மூடின அறைக்குள்ள கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை குஞ்சுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

முதல்ல தண்ணி, அப்புறம்தான் தீவனம்

கொதிக்க வெச்சு ஆறின, வெதுவெதுப்பான தண்ணி. ஒவ்வொரு குஞ்சோட அலகையும் ஒரு தடவை நனைச்சு விடுங்க, ஒண்ணு கத்துக்கிட்டா மத்ததும் பார்த்துக் குடிக்கும். தட்டு ஆழமில்லாம இருக்கணும், நடுவுல கூழாங்கல் போடணும். அரை இன்ச் தண்ணியிலகூட குஞ்சு மூழ்கிடும். எல்லாம் தண்ணி குடிச்சதும் பேப்பர் மேலயே தீவனத்தைத் தூவலாம். அரிசிக் குருணை மட்டும் போட்டா பத்தாது. வளர்ற குஞ்சுக்குச் சுமார் 20% புரதம் வேணும். குஞ்சுகளுக்குன்னு விற்கிற ஸ்டார்ட்டர் தீவனம்தான் சரி.

ரெண்டாவது நாள்ல இருந்து ஒவ்வொண்ணையும் தூக்கிப் பின்பக்கம் பாருங்க. எச்சம் காய்ஞ்சு ஒட்டி அடைச்சிருந்தா, வெந்நீர்ல நனைச்ச பஞ்சால ஊறவெச்சுத் துடைக்கணும். பிய்ச்சு இழுத்தா தோல் கிழிஞ்சுடும். தொப்புளையும் பாருங்க, சிவந்து ஈரமா இருந்தா தனியா பிரிச்சு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.

ஒரு வாரத்துல ராணிக்கெட் நோய்க்கு, அதாவது வெள்ளைக்கழிச்சலுக்கு, முதல் தடுப்பு மருந்து; கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு. ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுக்கும் மேல வரும், குளிர்ச்சி விட்டுப்போனா வீண். பத்து குஞ்சுக்காகத் தனியா வாங்கறதைவிட, பக்கத்துல இருக்கிற அரசு கால்நடை மருந்தகத்துல எந்த நாள் போடறாங்கன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.