பரிசல் துறை

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. பாப்பிரெட்டிப்பட்டியில் நாங்கள் பார்த்து வளர்ந்த தண்ணீர், சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் வாணியாறும் மழை பெய்தால் நிரம்பும் ஏரிகளும்தான். அப்படியிருந்தும் வாடகைக்குப் படகு விடும் தொழிலில் இந்த மாவட்டத்துக்குப் பழுத்த அனுபவம் உண்டு. மேற்கு எல்லையில் காவிரி ஓடுகிறது. அதன் கரையில் எத்தனையோ தலைமுறையாகப் பரிசல் துறைகள் உண்டு. ஒகேனக்கல்லை அருவி என்று மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு அந்தத் துறைகளின் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

என் அண்ணன் மகள் ஐரோப்பாவில் வேலை பார்க்கிறாள். நண்பர்களோடு குரோஷியாவின் ஸ்ப்ளிட் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். “படகை மட்டும் எடுத்தா ஓட்டறதுக்கு லைசென்ஸ் காட்டணும் சித்தப்பா. இல்லன்னா ஓட்டறவரோட சேர்த்துத்தான் எடுக்கணும்” என்று போனில் சொன்னாள். “நம்ம பக்கம் பரிசல்காரர் இல்லாம பரிசலை யாருக்கும் கொடுத்ததே இல்லம்மா” என்றேன். அவளுக்குச் சொன்ன அந்த ஒரு வரிதான் இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும். இங்கே வாடகை என்பது படகுக்கு அல்ல, தண்ணீர் தெரிந்த ஒரு மனிதருக்கு.

பரிசலைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் நல்ல சாட்சி ஒரு போர்ச்சுகீசியருடையது. 1520ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையைத் தாண்டி ஆனேகுந்திக்குப் போகும் மக்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். கூடைபோல வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட ஏறும், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்று அவர் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் நம் காவிரிப் பரிசலுக்கும் பொருந்தும். இந்த நாட்டு ஆறுகளில் வேறு படகே இல்லை என்றும் எழுதினார். அன்றைக்கு எங்கள் பகுதியும் விஜயநகர ஆட்சிக்கு உட்பட்டதுதான்.

பாயஸுக்கு வெகு முன்பு, கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய ஐந்தாம் நூற்றாண்டில், கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனில் இதே மாதிரி வட்டத் தோல் படகுகளை வர்ணித்திருக்கிறார். சரக்கோடு ஆற்றின் போக்கில் இறங்கி வருவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து அதை மேலே கொண்டுபோக முடியாது. அதனால் ஊர் சேர்ந்ததும் சட்டத்தை விற்றுவிட்டு, தோலை மட்டும் கூடவே கொண்டுவந்த கழுதையின்மேல் ஏற்றிக்கொண்டு நடந்து திரும்புவார்களாம். நம் பரிசல்காரர் சட்டத்தையும் விற்பதில்லை, கழுதையையும் தேடுவதில்லை. பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு பாறை ஏறி நடந்துவிடுவார். ஒகேனக்கல்லில் இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு மடுவின் கரையில் பயணிகளை இறக்கிவிட்டு, “நீங்க நடந்து வாங்க” என்று சொல்லிவிட்டு, பரிசலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மடுவுக்குப் போவார். ஒற்றை ஆளால் தூக்க முடிகிற படகு என்பதால்தான் அருவியும் பாறையுமாகக் கிடக்கும் இந்த ஆற்றில் போக்குவரத்து என்று ஒன்று நடந்தது.

கட்டுமானத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் இருக்கும் அறிவு பெரிது. மூங்கிலைப் பிளந்து பிளாச்சுகளாகச் சீவி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் முடைவதுபோல் பின்னுகிறார்கள். பின்னல் அகன்றதும் பிளாச்சுகளை மேல்நோக்கி வளைத்து, விளிம்பில் கனமான வளையமாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் இதன்மேல் தோல் போர்த்தினார்கள். தோல் பரிசலுக்கு ஒரு நியமம் உண்டு. வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், ஈரத்திலேயே கிடந்தால் தோல் அழுகிவிடும். பிறகு தோல் போய்ச் சாக்கும் தாரும் வந்தன, இப்போது பிளாஸ்டிக் விரிப்பின்மேல் தார் பூசுகிறார்கள். மூங்கில் மட்டும் மாறவில்லை.

அடிப்பாகம் தட்டை, அடிக்கட்டை கிடையாது. அதனால் முழங்கால் ஆழத் தண்ணீர் இருந்தாலும் பாறைக்கு மேலே வழுக்கிப் போய்விடும். மரப்படகு பாறையில் மோதினால் பலகை உடையும். பரிசல் மோதினால் வளைந்து கொடுத்து, சுற்றி விலகிக்கொள்ளும். பாயஸ் குறையாகச் சொன்ன அந்தச் சுற்றல்தான் அதன் உயிர்காப்பு. பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பை முன்னால் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்து அந்தச் சுற்றலை அடக்குகிறார். பயணிகளை மகிழ்விக்க அவர் வேண்டுமென்றே தட்டாமாலை சுற்றவிடும்போது, அடக்கிவைத்திருந்ததை அவிழ்த்துவிடுகிறார், அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் இதன் மதிப்பை யுத்தத்தில் அறிந்தார்கள். பின்னால் வெல்லிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, 1803இல் மராத்தியர்மேல் படை நடத்தியபோது கிருஷ்ணா முதலான ஆறுகளைக் கடக்கக் கூடைப் படகுகளைக் கட்டச் சொல்லி, எப்படிக் கட்ட வேண்டும் என்றும் விவரித்து எழுதிய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. அதற்கு முந்திய சில ஆண்டுகள் அவர் மைசூர்ச் சீமையில் இருந்தவர். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், உலகத்து நீர்ப் போக்குவரத்தைப் பற்றி 1946இல் வெளியிட்ட நூலில் தென்னிந்தியப் பரிசலையும், ஈராக்கின் வட்டப் படகையும், வேல்ஸ் நாட்டுச் சின்னத் தோல் படகையும் ஒரே குடும்பத்தில் வைத்துப் பேசினார்.

என் அப்பா புளி வியாபாரி. கொட்டை நீக்கிய புளியை மூட்டை கட்டிப் பென்னாகரம் சந்தைக்குக் கொண்டுபோவார். ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள் பரிசலில் ஆடும் தானியமும் ஏற்றிவந்து, கரையிலிருந்து மலை ஏறிச் சந்தைக்கு வருவார்கள் என்று சொல்லுவார். அக்கரை இன்று கர்நாடகம், ஆனால் கோபிநத்தம் பக்கம் பேச்செல்லாம் தமிழ்தான். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பரிசலில்தான். சீர்வரிசையோடு ஆற்றைத் தாண்டிப்போகும் கல்யாணக் கூட்டத்தை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். உல்லாசப் பயணிகள் வருவதற்கு முன்னால் பரிசலுக்கு வாடகை கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

அந்த ஆற்றையே மாற்றிப்போட்டது மேட்டூர் அணை. 1925இல் தொடங்கிய வேலை 1934இல் முடிந்து, ஆகஸ்ட் 21ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். 120 அடிக்குத் தண்ணீர் நிற்கும் ஸ்டான்லி நீர்த்தேக்கம் ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்பில் விரிந்தது. பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் பத்திரிகைகள் படம்போட்டு எழுதுகின்றன. எழுதப்படாதது, எதிரெதிர்க் கரைகளுக்கு நேர்ந்தது. ஆறாக இருந்தபோது கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள், ஏரியான பிறகு எட்டாத தூரத்துக்குப் போனார்கள். நம் மாவட்டத்து நாகமரைக்கும் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கும், ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே பரிசல்தான் சாலை ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிரசவ வலி எடுத்த பெண்களும் அதில் போனார்கள். இப்போது அங்கே விசைப்படகு ஓடுகிறது, பாலம் வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுங்காலமாக இருக்கிறது. கட்டத்தான் வேண்டும். சாலை இல்லாத இடத்தில் பரிசலைப் பாரம்பரியம் என்று புகழ்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஒகேனக்கல்லில் அதே கைகளும் அதே துடுப்பும் சுற்றுலாவுக்குத் திரும்பின. சின்னாறு காவிரியில் கலக்கும் இடத்தை ஒட்டிய துறை, கோத்திக்கல், மாமரத்துக்கடவு, பெரியபாணி, மணல்திட்டு, ஐந்தருவி, ஊட்டமலை எல்லாம் பரிசல்காரர்களின் வாயில் அன்றாடம் புழங்கும் பெயர்கள். எந்தப் பாறைக்கு அருகே எந்த மாதத்தில் சுழி விழும் என்பது எந்த வரைபடத்திலும் கிடையாது, அவர்களிடம்தான் இருக்கிறது. பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போன துயரமும் இங்கே உண்டு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றினாலோ, பயணிகள் எழுந்து நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ விளிம்பு தாழ்ந்துவிடும், தண்ணீர் ஏற ஒரு நொடி போதும். அதனால்தான் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் ஆனது.

இங்கே பரிசல் ஓடுமா ஓடாதா என்று சொல்வது ஒகேனக்கல்லுக்கு மேலே இருக்கும் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தத் தண்ணீரை அளப்பதும் அங்கேதான். அதே ஆண்டு ஆகஸ்டில் வரத்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் போய், ஒகேனக்கல்லின் தொங்குபாலமும் நடைபாதையும் அடிபட்டன, குளிக்கவும் பரிசல் விடவும் தடை நீண்டது. தடை போட்டால் ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு நாள் ஏமாற்றம். பரிசல்காரர் வீட்டில் வாரக்கணக்கில் அடுப்பு யோசித்துத்தான் எரியும்.

காவிரி இன்று பாப்பிரெட்டிப்பட்டிக்கே வருகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டுப்போன மாவட்டம் இது. ஜப்பானிய நிதியுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்த ஆற்றை எங்கள் குழாய்க்குக் கொண்டுவந்தது. ஆறு வீட்டுக்கே வந்த பிறகாவது, அந்த ஆற்றில் வாழ்ந்த மக்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ரயிலில் வந்தால் பொம்மிடியிலோ தருமபுரியிலோ இறங்கி, தருமபுரி, பென்னாகரம் வழியாகப் பேருந்தில் போகலாம். ஆடிப் பதினெட்டு சமயத்தில் கூட்டமும் வெள்ளமும் சேர்ந்து வரும், பரிசலுக்காகவே வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். புறப்படும் நாள் காலையில் செய்தியில் நீர்வரத்தைப் பாருங்கள். கட்டணத்தைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் கட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் பிடிக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு ஆள் ஏற்றச் சொல்லிப் பரிசல்காரரை வற்புறுத்தாதீர்கள். தடை என்றால் கெஞ்சாமல் திரும்பிவிடுங்கள்.

அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. தோல் போர்த்திய பரிசல் கட்டும் முறை முதியவர்களின் நினைவில் மிஞ்சியிருக்கும்போதே, அவர்களைக் கொண்டு ஒன்றைக் கட்டவைத்து, தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். துறைகளின் பெயர்களையும், சுழிகளின் இடங்களையும், தலைமுறை தலைமுறையாகத் துடுப்பு பிடித்த குடும்பங்களின் பெயர்களையும் அவர்கள் வாயால் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அந்த வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.