கொடைக்கானல் மலைவாச ஓய்வு

பழனி மலைத்தொடரின் மேல்தளத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் கொடைக்கானல். திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோடையில் சில நாள் மலையேறித் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் வழக்கம் தென்தமிழகத்தில் இங்கேதான் வேரூன்றியது. தொடக்கத்தில் அது உல்லாசமன்று. உயிர் பிழைக்கத் தேடிய வழி.

1821-இல் நில அளவையாளர் வார்டு இம்மலையை அளந்தார். அதற்கு நெடுங்காலம் முன்பே பளியர் காடுகளிலும், குன்னுவர் வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களிலும் வாழ்ந்தனர். ஆகவே இம்மலையை வெள்ளையர் ‘கண்டுபிடித்தனர்’ என்பது பொருந்தாது. ஓய்விடமாக ஆக்கியவர்கள் என்றால் தகும்.

அந்தப் பெருமை அமெரிக்க மதுரை மிஷனுடையது. சமவெளியின் காலராவும் காய்ச்சலும் மிஷனரிகளைக் குடும்பம் குடும்பமாக வாட்டின. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கொடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு பங்களாக்களைக் கட்டினார்கள். ஊரின் வரலாறு இவற்றிலிருந்தே எழுதப்படுகிறது.

அடுத்து வந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். நாகப்பட்டினத்தில் 1844-இல் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கிய சபை இது. அக்கல்லூரி 1883-இல் திருச்சிக்கு மாறியது. கடலோர டெல்டாவின் புழுக்கத்தில் உழைத்த இச்சபையினருக்கும் மலையில் ஓர் இளைப்பாறுமிடம் வேண்டியிருந்தது. அருட்தந்தை சேன்சீர் எழுப்பிய சலேத் அன்னை ஆலயம் 1866-இல் அர்ச்சிக்கப்பட்டது. அருகிலுள்ள செண்பகனூரில் 1895-இல் இயேசு சபைக் கல்லூரி எழுந்தது.

மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கி ஏரியை உண்டாக்கினார். ஏறத்தாழ 24 எக்டேர் பரப்புள்ள இந்த ஏரி இல்லாத கொடைக்கானலை இன்று எண்ணிப் பார்க்கவே முடியாது. ஓய்வு பெற்றபின் அவர் இங்கேயே குடியிருந்தார்.

அன்றைய பயணம் கடினமானது. மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத் தோப்புக்கு வந்து, அங்கிருந்து செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். இயன்றவர் நடந்தனர், சிலர் குதிரையில் ஏறினர். பெண்களும் நோயாளிகளும் டோலியில் சென்றனர். மூங்கில் கழிகளில் நாற்காலியைக் கட்டி, ஆட்கள் தோளில் சுமந்து, முறைவைத்துத் தோள்மாற்றி ஏறினர். பங்களாக்களின் பெயர்கள் நிலைத்தன. சுமந்தவர்களின் பெயர் ஒன்றேனும் ஏட்டில் இல்லை என்பது பெருங்குறை.

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடியது. மறு ஆண்டு திருச்சியை எட்டியது. 1875-இல் திருச்சி–மதுரைப் பாதை திறந்தபின், அம்மையநாயக்கனூர் நிலையம் மலைக்கு வாசலாயிற்று. இதுவே இன்றைய கொடைக்கானல் ரோடு. டெல்டாக் கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை வண்டிமாட்டை நம்பாமல் வர முடிந்தது அப்போதுதான். மோட்டார் செல்லும் மலைப்பாதை 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அமைந்தது. அதன்பின் வருவோர் தொகையும் தங்கும் நோக்கமும் மாறின.

சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்ட சூரிய ஆய்வகம் 1899-இல் இங்கு நிறுவப்பட்டது. கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் வாக் நடைபாதை இன்றும் காலை உலாவுக்கு உகந்தது.

நகர நெரிசலை விரும்பாதவர் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூம்பாறையில் தங்குகின்றனர். குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றி ஓட்டுவீடுகள். சரிவெங்கும் படிப்படியாக வயல்கள். இப்பகுதியில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகைமூட்டத்தில் காக்கிறார்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது.