பழைய ஜேர்மன் கார்களின் விலை எதில் தங்கியுள்ளது?

2022 மே 5ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில், மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஏலத்தில் ஒரு கார் 135 மில்லியன் யூரோவுக்கு விற்கப்பட்டது. அதுவரை ஏலத்தில் எந்தக் காரும் இதற்கு அருகில்கூட வந்ததில்லை. 1955இல் இரண்டே இரண்டு மட்டும் கட்டப்பட்ட 300 எஸ்.எல்.ஆர் கூபே அது. பொறியியலாளர் ருடோல்ஃப் உலென்ஹவுட்டின் பெயரால் அறியப்படுவது. ஒரு பந்தயத்திலும் அது ஓடவில்லை. அவ்வாண்டு பிரான்சின் லு மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று விபத்துக்குள்ளாகி, அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 80இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆண்டு முடிவில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது.

அரிதாக இருப்பது மட்டும் போதாது. அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்த வேண்டும். யார் கையிலிருந்து யாரிடம் போனது என்பதற்குக் கடதாசி வேண்டும். அது தொலைந்தால் நல்ல காரும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். புதிதாக நிறம் பூசிப் பளபளக்கும் காரைவிட, மங்கிப்போன பழைய பூச்சோடு நிற்பது சிலவேளை கூடுதல் விலை பெறும்.

போர்ஷே ரைப் 64இன் கதை வேறு. 1939 செப்டெம்பரில் நடக்கவிருந்த பேர்லின்–ரோம் பந்தயத்துக்காக உருவானது. போர் மூண்டது; பந்தயம் நடக்கவில்லை. கட்டப்பட்ட மூன்றில் எஞ்சிய ஒன்று, 2019 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் மொன்ரறேயில் ஏலத்துக்கு வந்தது. ஏலம் கூறியவர் சொன்ன 13 மில்லியன் டொலர் திரையில் 30 ஆக விழுந்து, 70 வரை ஏறியது. உண்மைத் தொகை 17 எனத் திருத்தியதும் மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. கார் விற்கப்படவில்லை.