ஆள்மாறாட்டமும் பெருவிரல் ரேகையும்

1858 ஜூலை. வங்காளத்து ஜங்கிப்பூரில் சாலைக்குச் சரளை கொண்டுவந்து கொட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் முடிவானது. கோனாயே தம் கைப்பட ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்திடப் போன நேரத்தில், 25 வயது அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் அவரை நிறுத்தினார். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசி, தாளின் பின்பக்கம் அழுத்தி எடுத்துக்கொண்டார்.

அப்போது அவர் மனத்தில் அறிவியல் எதுவும் இல்லை. 'இது என் கையெழுத்தே இல்லை' என்று பிற்பாடு சாதிப்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். கையையே பதித்து வாங்கிவிட்டால் ஆள் கொஞ்சம் மிரளுவார் என்று கணக்குப் போட்டார், அவ்வளவுதான். யுரேனஸைக் கண்டுபிடித்தவரின் பேரன் என்பதாலோ என்னவோ, விளையாட்டாகத் தொடங்கியதை விடாமல் துருவினார். நண்பர்கள், ஊழியர்கள் என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் ரேகை வாங்கி, ஆண்டுகள் கழித்து மறுபடியும் வாங்கி ஒப்பிட்டார். ரேகை மாறவே இல்லை. தம் சொந்த ரேகையையும் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே பதிவு செய்துவந்தார்.

1860இல் நதியா மாவட்டத்துக்கு அவர் மாற்றலாகிப் போனபோது அவுரிக் கலவரம் உச்சத்தில் இருந்தது. தோட்டத் துரைமார், குடியானவர்கள் என இரு தரப்பும் நீட்டிய பத்திரங்களில் எது அசல், எது போலி என்று தெரியவில்லை. ஒப்பந்தங்களில் விரல் ரேகை வாங்கலாம் என்று யோசனை சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. 1877இல் ஹூக்ளியில் அதிகாரம் கைக்கு வந்ததும் மேலிடத்துக்காகக் காத்திருக்காமல் மூன்று இடங்களில் தாமே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பென்ஷன் வாங்க வருபவர் விரல் பதிக்க வேண்டும். செத்தவர் பெயரில் உறவினர் பணம் வாங்கிப்போகும் வழி அதோடு அடைபட்டது. பத்திரம் பதிபவரும் ரேகை வைக்க வேண்டும். சிறைக்கு வரும் கைதியும் வைக்க வேண்டும், ஏனென்றால் கூலிக்கு ஆள் பிடித்துத் தமக்குப் பதிலாக உள்ளே அனுப்பும் கனவான்கள் அன்றும் இருந்தார்கள். வங்காளம் முழுக்க இதைக் கொண்டுவரலாம் என்று சிறைத்துறைத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பலன் கிடைக்கவில்லை.

ரேகையை வாங்கிவிடலாம். ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் வங்காளப் போலீஸில் வேலை பார்த்த அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். கணிதம் படித்த ஹக், பத்து விரல்களையும் ஐந்து ஜோடியாக்கி, எந்த விரலில் சுழி இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்து 1,024 பிரிவுகளாகப் பிரித்தார். அலமாரியில் 32க்கு 32 அறைகள். ரேகையைப் பார்த்ததும் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடலாம். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் காப்பகம் தொடங்கியது, 1901இல் ஸ்காட்லாந்து யார்டும் இந்த முறையை எடுத்துக்கொண்டது. ஆனால் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அது 'ஹென்றி முறை' ஆகிவிட்டது. உழைத்தது இருவர், பெயர் இன்னொருவருக்கு. ஆளை அடையாளம் காணும் கலையின் வரலாற்றிலேயே இப்படி ஒரு ஆள்மாறாட்டம்!

ஹூக்ளியில் தொடங்கிய அந்த வழக்கம்தான் இன்று நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் வரை வந்து நிற்கிறது. கையெழுத்துப் போடத் தெரிந்தவரும் அங்கே பெருவிரலை நீட்டத்தான் வேண்டும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வைத்த அந்த ரேகையே நம் காலத்தில் களவு போகும் பொருளாகிவிட்டது. 2018இல் தெலங்கானாவில் ஒருவர் பதிவுத்துறை இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களைப் பதிவிறக்கி, அதிலிருந்த ரேகைகளை ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் இயந்திரத்தில் வார்த்தெடுத்தார். ஆதார் எண்ணும் அதே பத்திரத்தில் இருந்தது. அவற்றைக் கொண்டு ஊரார் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளுக்கு உயிர் கொடுத்தார். விற்பனை இலக்கை எட்டுவதற்காகவாம்! பின்னால் வந்தவர்கள் நேரே வங்கிக் கணக்கில் கைவைத்தார்கள். ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் வங்கியின் பெயர், ஆதார் எண், ரேகை மூன்றும் இருந்தால் போதும். ஓடிபியும் கிடையாது, பின் நம்பரும் கிடையாது. வந்திருப்பது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் கூடுதல் ஏற்பாட்டை ஆதார் ஆணையம் 2023இல் கொண்டுவந்தது.

கோனாயின் கையெழுத்து களவு போயிருந்தால் வேறு மாதிரி கையெழுத்துப் போட்டுப் பழகியிருப்பார். பாஸ்வேர்டையும் மாற்றலாம். பெருவிரலை மாற்ற முடியாது, பூட்டத்தான் முடியும். எம்ஆதார் செயலியிலோ ஆணையத்தின் இணையதளத்திலோ பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது. போட்டுவிட்டால் அசல் விரலை வைத்தாலும் ஏற்காது என்பதால், ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மட்டும் திறந்துகொள்ள வேண்டும். லாட்ஜிலும் ஜெராக்ஸ் கடையிலும் ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.