செவியை அளக்கும் படிப்பு பிறந்த கதை

பிரிட்டனில் செவித்திறன் படிப்பான ஆடியாலஜியை இளநிலைப் பட்டமாகப் படிக்கத் தொடங்கி இன்னும் முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன்பும் அங்கே மருத்துவமனைகளில் செவித்திறனைச் சோதித்தார்கள். காது மிஷின் பொருத்தினார்கள். காது கேளாத குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள். வேலை முதலில் பிறந்தது, பட்டம் வெகு தாமதமாக அதன் பின்னால் வந்தது. இன்று சில பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டத்துக்கு முன்னால் 'அறிவியல் அடித்தள ஆண்டு' என்று ஓராண்டைச் சேர்த்து, பள்ளியில் இயற்பியலோ உயிரியலோ எடுக்காத பிள்ளைகளையும் உள்ளே அழைக்கின்றன. இது தகுதி குறைந்தவர்களுக்கான பின்வாசல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆடியாலஜி பிறந்த விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

கதை 1879-இல் லண்டனில் தொடங்குகிறது. டேவிட் எட்வர்ட் ஹியூஸ் ஒரு காலத்தில் அமெரிக்காவில் இசைப் பேராசிரியராக இருந்தவர். பிறகு எழுத்தை அச்சிடும் தந்திக் கருவியையும் கார்பன் மைக்ரோஃபோனையும் உருவாக்கிப் பெயர் பெற்றார். மின்கலம், கம்பிச் சுருள்கள், தொலைபேசியின் காதுப்பகுதி ஆகியவற்றைச் சேர்த்து அவர் ஒரு கருவி செய்தார். ஒரு சுருளை அளவுகோல் மீது நகர்த்தினால் காதில் விழும் ஓசை கூடும், குறையும். மருத்துவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் அதை ஆட்களிடம் சோதித்து, 'ஆடியோமீட்டர்' என்று பெயரிட்டு ராயல் சொசைட்டியில் அறிவித்தார். ஒருவர் காது எவ்வளவு கேட்கிறது என்பதை அதுவரை கடிகாரத்தின் டிக் டிக் ஓசையாலும், கிசுகிசுப்பாலும், இசைக்கவையாலும்தான் மதிப்பிட்டு வந்தார்கள். இப்போது அதற்கு ஓர் எண் கிடைத்தது.

அந்த எண்ணைச் சீராக்கியவர்கள் டெலிபோன் கம்பெனிக்காரர்கள். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில், வெற்றிடக் குழாய்களை வைத்து முதல் வணிக ஆடியோமீட்டர்களைச் செய்தார்கள். காது மருத்துவர் எட்மண்ட் ஃபௌலர், இயற்பியலாளர்கள் வெகல், ஹார்வி ஃப்ளெட்சர் ஆகியோர் சேர்ந்து பணியாற்றினார்கள். இன்று உலகெங்கும் நோயாளி கையில் கொடுக்கப்படும் ஆடியோகிராம் என்ற கட்டப் படம் இவர்கள் கூட்டில் உருவானதே. அதில் கேட்கும் திறன் குறையக் குறையக் கோடு கீழே இறங்கும். அளவைக் குறிக்கும் டெசிபலும் அங்கிருந்தே வந்தது. தொலைபேசிக் கம்பியில் ஒலி எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட வைத்திருந்த அலகு அது. அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள்.

டெசிபலைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஆடியாலஜி படிக்க வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் அதுதான். காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஓசைக்கும் காது வலிக்கும் ஓசைக்கும் இடையே செறிவில் சுமார் ஒரு லட்சம் கோடி மடங்கு வித்தியாசம் உண்டு. அதைச் சாதாரண எண்களால் எழுதிக் கட்டுப்படியாகாது. எனவே மடக்கை. 10 டெசிபல் கூடினால் செறிவு 10 மடங்கு, 60 டெசிபல் கூடினால் 10 லட்சம் மடங்கு. இது கைவசமாகாதவர், 40 டெசிபல் இழப்பு உள்ளவரை நூற்றுக்கு நாற்பது கேட்காதவர் என்று தவறாகப் புரிந்துகொள்வார். நோயாளியிடமும் அதையே சொல்லுவார்.

அமெரிக்கர்கள் கருவி செய்துகொண்டிருந்தபோது இங்கிலாந்தில் இன்னொரு வேர் பிடித்துக்கொண்டிருந்தது. அது வகுப்பறையில் பிடித்த வேர். 1919-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் காது கேளாதோர் கல்விக்கென ஒரு துறையைத் தொடங்கியது. சர் ஜேம்ஸ் ஜோன்ஸ் என்பவர் காது கேளாத தம் மகன் எல்லிஸ் லூயிட் ஜோன்ஸின் பெயரில் கொடுத்த நிதியில் அந்த விரிவுரையாளர் பணியிடம் உருவானது. அதில் முதலில் அமர்ந்தவர் ஐரீன் கோல்ட்சாக். அவரும் அவர் மணந்த அலெக்சாண்டர் எவிங்கும் சேர்ந்து குழந்தைகளின் செவித்திறனைச் சோதிக்கும் முறைகளை வகுத்தார்கள். பேசத் தெரியாத, பொத்தானை அழுத்தத் தெரியாத குழந்தையை எப்படிச் சோதிப்பது? தாயின் மடியில் குழந்தையை உட்காரவைத்து, எதிரே ஒருவர் பொம்மை காட்டிக் கவனத்தைப் பிடிப்பார். இன்னொருவர் பின்பக்கம் பக்கவாட்டில் இருந்து கிலுகிலுப்பையை மெல்ல ஆட்டுவார், மெல்லிய தாளைச் சரசரக்கச் செய்வார், கோப்பையின் விளிம்பில் கரண்டியால் உரசுவார். குழந்தை திரும்பினால் கேட்டிருக்கிறது என்று பொருள். எவிங் தம்பதி 1944-இல் வெளியிட்ட இந்தக் கவனத் திருப்பல் சோதனை, சுமார் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பிரிட்டன் முழுவதும் பல பத்தாண்டுகள் நடந்தது. பொறுமையும் கூர்ந்த கண்ணும் வேண்டிய சோதனை அது.

அதே 1944-இல் பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த டெஷன் ராணுவ மருத்துவமனைக்கு ரேமண்ட் கார்ஹார்ட் என்ற பேச்சுத்துறைப் பேராசிரியர் வந்து சேர்ந்தார். குண்டும் பீரங்கியும் காதைச் சிதைத்த ஆயிரக்கணக்கான வீரர்கள் இரண்டாம் உலகப் போர்க்களங்களிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உதட்டசைவைப் படிக்கக் கற்பிப்பது, கேட்கும் பயிற்சி கொடுப்பது, பொருத்தமான கருவியைத் தேர்ந்து கொடுப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. காது மருத்துவர் நார்ட்டன் கேன்ஃபீல்டும் கார்ஹார்ட்டும்தான் இந்தத் தொழிலுக்கு 'ஆடியாலஜி' என்ற பெயரை நிலைநாட்டினார்கள். போர் முடிந்ததும் கார்ஹார்ட் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அதை ஒரு பாடத்துறையாகவே வளர்த்தார். நோயாளிக்கு ஒலி கேட்டால் 10 டெசிபல் இறக்கு, கேட்காவிட்டால் 5 டெசிபல் ஏற்று என்று இன்றும் சோதனை அறைகளில் பின்பற்றும் ஒழுங்கு, 1959-இல் அவரும் ஜேம்ஸ் ஜெர்ஜரும் சேர்ந்து உறுதிப்படுத்தியது.

அமெரிக்காவில் இந்தத் துறை பேச்சுத்துறையின் வீட்டில் வளர்ந்ததால் பேச்சும் கேட்பும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஆகிவிட்டன. இந்தியா அந்த வழியைத்தான் பின்பற்றியது. 1960களின் நடுவில் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தின் பெயரிலேயே அது தெரியும். சென்னையில் இன்று படிக்கும் மாணவரும் ஆடியாலஜியையும் பேச்சுப் பயிற்சியையும் ஒரே பட்டமாக, உள்ளுறைப் பயிற்சி ஓராண்டு உட்பட நான்கு ஆண்டுகள் படிக்கிறார். பிரிட்டனில் இரண்டும் தனித்தனிப் படிப்புகள், தனித்தனி வேலைகள்.

அந்தப் பிரிவுக்கு 1948 ஒரு முக்கியக் காரணம். அந்த ஆண்டு தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது, காது மிஷினையும் அதன் பேட்டரியையும் இலவசமாகக் கொடுப்பது என்று முடிவானது. மருத்துவ ஆராய்ச்சிக் குழு வடிவமைத்த அந்தக் கருவியின் பெயர் மெட்ரெஸ்கோ. மார்பில் தொங்கும் பெட்டி, காதுக்குப் போகும் ஒயர், தனியே ஒரு பேட்டரிப் பொதி. அதைப் பெற மக்கள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் யார் சோதனை செய்வது, யார் பொருத்துவது? மருத்துவர்களால் முடியாது. ஆகவே மருத்துவமனைகள் தொழில்நுட்பப் பணியாளர்களை எடுத்தன. பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள் வேலையில் சேர்ந்து, மூத்தவரிடம் கற்று, வாரத்தில் ஒரு நாள் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். ஐம்பது ஆண்டுகள் பிரிட்டனின் காதுகளைத் தாங்கியவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு உரிய மதிப்பு வரலாற்றில் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இடையில் அறிவியல் வேகமாக ஓடியது. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர், காதுக்குள் ஓசையை அனுப்பினால் உள்காதிலிருந்து மெல்லிய ஓசை திரும்பி வருகிறது என்று காட்டினார். முதலில் பலர் நம்பவில்லை. பின்னர் அந்த எதிரொலியே, தூங்கிக்கொண்டிருக்கும் பச்சிளங்குழந்தையின் காதை ஒரு சிறு கருவியால் சோதிக்க வழிவகுத்தது. இங்கிலாந்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் செவிச் சோதனை என்ற திட்டம் 2001-இல் சோதனை முறையில் தொடங்கி 2006-க்குள் நாடு முழுதும் பரவியது. எட்டு மாதத்தில் கிலுகிலுப்பை ஆட்டிய காலம் போய், சில வார வயதிலேயே குறை தெரியத் தொடங்கியது. அதே ஆண்டுகளில், 2000-இல் 20 மருத்துவமனைகளில் தொடங்கி, தேசியச் சேவை டிஜிட்டல் கருவிகளுக்கு மாறியது. கணினியில் அலைவரிசை வாரியாக அமைத்து, செவிக்குழாய்க்குள் நுண்குழாய் வைத்து அளந்து பொருத்தவேண்டிய கருவிகள் அவை. வாரம் ஒரு நாள் கல்லூரி இதற்குப் போதவில்லை, ஆட்களும் போதவில்லை. அந்த நெருக்கடியில்தான் 2000களின் தொடக்கத்தில் ஆடியாலஜி இளநிலைப் பட்டம் பிறந்தது. முதலில் ஓர் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியோடு நான்கு ஆண்டுப் படிப்பாக இருந்தது. பின்னர் 'மருத்துவ அறிவியல் (ஆடியாலஜி)' என்று பெயர் மாறி மூன்று ஆண்டுகளானது.

பட்டமானதும் ஒரு புதிய தடையும் வந்தது. பழைய தொழில்நுட்பப் பணியாளர் எந்தப் பள்ளிப் பாடத்திலிருந்தும் வந்திருக்கலாம். பட்டப்படிப்போ பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் அறிவியல் பாடம் கேட்டது. பதினாறு வயதில் வரலாறும் ஆங்கிலமும் எடுத்துவிட்டு, பாட்டிக்குக் காது மிஷின் வைத்துவிடும்போது இந்த வேலையின் மேல் ஆசை கொண்ட பிள்ளை என்ன செய்யும்?

அதற்கு விடை வேறோர் ஊரில் முன்பே இருந்தது. பீங்கான் சூளைகளும் சுரங்கங்களும் நிறைந்த இங்கிலாந்தின் ஸ்டோக் பகுதியில், 1949-இல் ஏ. டி. லிண்ட்சே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை நிறுவினார். இன்றைய கீல் பல்கலைக்கழகம் அதுதான். அங்கே பட்டம் நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவான அடித்தள ஆண்டு. இலக்கியம் படிக்க வந்தவர் அறிவியலும், அறிவியல் படிக்க வந்தவர் தத்துவமும் வரலாறும் படிக்கவேண்டும். தொழிலாளர் கல்விக்குப் பல ஆண்டுகள் உழைத்த லிண்ட்சே, பதினாறு வயதுத் தேர்வு ஒருவரின் வாழ்நாளைத் தீர்மானிப்பதை ஏற்காதவர். 1980களில் பொறியியலுக்கு மாணவர் குறைந்தபோது பாலிடெக்னிக்குகள் இதே எண்ணத்தை எடுத்து, கலைப்பாடம் படித்தவர்களுக்கு ஓராண்டு அறிவியல் மாற்றுப் படிப்பு நடத்தின. இன்றைய அறிவியல் அடித்தள ஆண்டு அந்த வழியில் வந்தது.

அந்த ஓராண்டில் கணிதம், இயற்பியல், உயிரியல், வேதியியல், ஆய்வகப் பயிற்சி எல்லாம் உண்டு. ஆடியாலஜிக்குப் போகிறவருக்கு எதுவும் வீணாகாது. செவிப்பறையின் பரப்பு, அதிர்வை உள்காதுக்குக் கொடுக்கும் அங்கவடி எலும்பின் அடித்தட்டைவிட ஏறத்தாழ 17 மடங்கு பெரியது. காற்றில் வரும் ஒலி நேராக உள்காதின் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிவிடும். இந்தப் பரப்பு வித்தியாசமும் எலும்புகளின் நெம்புகோல் அமைப்பும்தான் அந்த இழப்பை ஈடுசெய்கின்றன. அழுத்தம் என்றால் என்ன, நெம்புகோல் என்றால் என்ன என்று தெரிந்தவருக்கே இது விளங்கும். உள்காதின் சுருள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம். அதில் உள்ள உள் முடிச்செல்கள் சுமார் 3,500 மட்டுமே. அழிந்தால் மனிதரில் அவை மறுபடி வளர்வதில்லை. இது உயிரியல் வகுப்பில் வரும். நோயாளியிடம் பக்குவமாகப் பேசுவதை மட்டும் எந்த அடித்தள ஆண்டும் கொடுக்காது. அது கலைப்பாடம் படித்து வந்த பிள்ளையிடம் அதிகமாகவே இருக்கக்கூடும்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் வகுப்பறைப் பாடங்களின் அடித்தள ஆண்டுக் கட்டணத்துக்கு 5,760 பவுண்டு வரம்பு வந்தது. ஆய்வகம் உள்ள அறிவியல் அடித்தள ஆண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்குப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில் 9,535 பவுண்டு வரை வாங்கலாம் என்று இருந்தது. உள்நாட்டு மாணவருக்கே இந்தத் தொகை என்றால், வெளிநாட்டிலிருந்து போகிறவருக்கு இன்னும் அதிகம். ஆய்வகச் செலவு உண்மைதான். ஆனாலும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்காக உண்டான ஓராண்டு முழுக் கட்டணத்தோடு வருவது சரியில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ தெரிந்தவரோ இந்த வழியில் போக நினைத்தால், பணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: அடித்தள ஆண்டில் எத்தனை மதிப்பெண் எடுத்தால் ஆடியாலஜியில் இடம் உறுதி? மறுபடி நேர்காணல் உண்டா? மருத்துவமனைப் பயிற்சி இடம் எல்லோருக்கும் கிடைக்குமா? பட்டம் முடித்து இந்தியாவிலோ இலங்கையிலோ வேலை செய்யும் எண்ணம் இருந்தால், அங்கே அது ஏற்கப்படுமா என்று அந்நாட்டுப் பதிவு அமைப்பிடமும் விசாரியுங்கள். தெளிவான பதில் வந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.